இலவசக் கண்புரை அறுவை சிகிச்சையும் துணைக்கு ஆளில்லாத முதியோரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பார்வை மங்கிப்போன ஏழை முதியவர் ஒருவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடக்கத் தம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெற்றோரின் நினைவு நாளில் அன்னதானத்துக்குக் கொடுப்பதைப் போலவே கண் சிகிச்சைக்கும் கொடுக்கிறார்கள். பெங்களூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருந்து ஒருவர் கேட்டால் அன்றைக்கே பணம் அனுப்பிவிடுகிறார்கள். அந்த நல்ல மனத்தை மதித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். அவர்கள் கொடுக்கும் பணம் எந்த இடத்தில் தேவைப்படுகிறதோ அந்த இடத்துக்குப் பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை என்பதையும், போய்ச் சேரும்படி செய்வது அப்படியொன்றும் கடினமான காரியம் இல்லை என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக வாசகர்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் சொல்ல விரும்புகிறேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றுப் பாலக்கோடு வட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்துகொண்டிருந்த காலத்தில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் என்பதால், எங்கள் பகுதி முதியவர்களின் நிலை எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் பலரும் அறியாத ஒரு செய்தி. நம் மாநிலத்தில் ஏழைகளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை என்பது பணம் திரட்டினால்தான் நடக்கும் என்ற நிலையில் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு ஊர்களிலும் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அறக்கட்டளைகள் நடத்தும் கண் மருத்துவமனைகள் கிராமங்களில் முகாம் நடத்தி, புரை முற்றியவர்களைத் தங்கள் பேருந்திலேயே அழைத்துச் சென்று, உணவும் தங்குமிடமும் கொடுத்து, லென்ஸ் வைத்துத் திருப்பி அனுப்புகின்றன. பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில்தான் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து மட்டுமே வந்து, ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலம் அது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற பெயரில் லென்ஸ் தயாரிப்பு தொடங்கியபின் அந்த விலை பெருமளவு இறங்கியது. அதற்கு முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட நம் தாத்தாக்கள், லென்ஸ் எடுக்கப்பட்ட கண்ணுக்கு மாற்றாகச் சோடா புட்டிக் கண்ணாடியை ஆயுள் முழுக்கச் சுமந்தார்கள். இன்று நூறு நாள் வேலைக்குப் போகும் மூதாட்டிக்கும் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் கிடைக்கிறது என்றால், அது பல தலைமுறை மருத்துவர்களும் செவிலியர்களும் உழைத்துக் கொடுத்த பேறு.

இவ்வளவும் இருந்தும் நம் கிராமங்களில் திண்ணைக்குத் திண்ணை பார்வை மங்கிய முதியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, மூன்று மீட்டர் தூரத்தில் காட்டும் விரல்களை எண்ண முடியாத நிலையைப் பார்வையின்மை என்று கொண்டது. அந்த ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையின்மையில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம். அதாவது பார்வையற்ற முதியவர்கள் மூவரில் இருவர், கால் மணி நேரமோ அரை மணி நேரமோ பிடிக்கும் ஒரு சிகிச்சை கிடைக்காததால் மட்டுமே பார்வையின்றி இருக்கிறார்கள். சிகிச்சை இலவசம் என்றால் இவர்கள் ஏன் போகவில்லை?

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொன்னால் விடை விளங்கும். கணவரை இழந்த ஒரு பாட்டி, புளி தட்டும் வேலை செய்து பிழைப்பவர். மாசி, பங்குனி மாதங்களில் மண்டிக்காரர்கள் கோணிப்பைகளில் புளியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லின்மேல் வைத்துச் சிறு சுத்தியால் தட்டிக் கொட்டையை வெளியே எடுத்துக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. இந்த இரண்டு மாவட்டங்களிலும் வயதான பெண்கள் பலருக்குக் கையில் காசு புழங்குவது அந்தச் சில மாதங்களில்தான். இந்தப் பாட்டி கொட்டையைக் கண்ணால் பார்த்து எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டு, விரலால் தடவித் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். இடது கையின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சுத்தி பட்டு நகங்கள் கறுத்துப்போயிருந்தன. புளியில் கொட்டை தங்கிவிடுகிறது என்று மண்டிக்காரர் கூலியைக் குறைத்தார். அடுத்த பருவத்தில் அவருக்குக் கோணியே இறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு அவர் போகாமல் இல்லை. போனார்; இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது, வலது கண்ணில் உள்ள புரையை உடனே எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். ஆனால் சர்க்கரை அதிகமாக இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு அறுவை சிகிச்சை செய்தால் கண்ணில் கிருமித் தொற்று ஏற்படும் அபாயம் கூடும் என்பதால், மாத்திரை சாப்பிட்டுக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மருத்துவர் செய்தது முற்றிலும் சரி. அன்றைக்குப் பேருந்து அவரை விட்டுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர் தாமாகக் கிளம்பிப் போக வேண்டும். மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். இரண்டு மூன்று நாள் வேலையை விட்டால் கூலியும் போகும், மேஸ்திரி அந்த இடத்துக்கு வேறு ஆளையும் போட்டுவிடுவார். மகள் கட்டிக்கொடுத்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம், கைக்குழந்தைக்காரி. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் கூலிக்குப் போகிறவர்கள். பாட்டியின் வருமானம், ரேஷன் அரிசி நீங்கலாக, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. ‘எனக்கு எதுக்குப்பா இந்த வயசுல கண்ணு, இருக்கிற வரைக்கும் இப்படியே தடவிக்கிட்டு இருந்துட்டுப் போறேன்’ என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைக்கும் எல்லாத் தாய்மார்களும் சொல்லும் சொல்தான் அது. அதைக் கேட்டு, கிழவிக்கே விருப்பம் இல்லை என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அறுவை சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூட அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவருக்குத் தேவைப்பட்டவை வேறு: சர்க்கரையைக் குறைக்கும் வரை மாத்திரையை விடாமல் வாங்கிக் கொடுக்க ஒருவர், மருத்துவமனைக்கு உடன் போய் இரவு தங்கக்கூடிய ஒரு பெண், அந்தப் பெண்ணுக்கு இழப்பாகும் கூலி, இருவருக்கும் சாப்பாடு, திரும்பி வந்தபின் கண்ணில் சொட்டு மருந்து விட ஒரு கை, ஒரு மாதம் கழித்துக் கண்ணாடிக்கு மறுபடி ஒரு பயணம். கணக்குப் போட்டால் இதெல்லாம் பெரிய தொகையே இல்லை. ஆனால் எந்த அரசுத் திட்டத்திலும், எந்த அறக்கட்டளைக் கணக்கிலும் இவற்றுக்கென்று ஒரு தலைப்பு இருப்பதாக நான் பார்த்ததில்லை. அறுவை சிகிச்சைக்கு நன்கொடை கேட்டால் கொடுக்க ஆள் இருக்கிறது. துணைக்குப் போகும் பெண்ணின் இரண்டு நாள் கூலியைக் கொடுங்கள் என்றால் பலருக்கு அது தருமமாகவே தோன்றுவதில்லை.

கடைசியில் எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவினர்தான் இதை எடுத்துச் செய்தார்கள். குழுவில் ஒருவருக்கு இரண்டு நாள் கூலியைக் கொடுத்து உடன் அனுப்பினார்கள்; பாட்டிக்கும் அந்தப் பெண்ணுக்கும் வழிச்செலவைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபின் எட்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் சொட்டு மருந்து விடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பல தடவை, பிறகு ஒவ்வொரு வாரமும் நாளுக்கு ஒரு தடவை வீதம் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. எழுதப் படிக்கத் தெரியாத, ஒரு கண் கட்டப்பட்ட, மறு கண்ணும் மங்கிய ஒருவர் இந்தக் கணக்கை எப்படித் தாமாகக் காப்பாற்றுவார்? அந்தப் பெண் கதவின் உட்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு தடவை மருந்து விட்டதும் ஒரு கோட்டை அழித்துவந்தாள். பாட்டி இப்போது புளி தட்டுகிறார். ராகியில் கல் பொறுக்குகிறார். பேருந்தின் பெயர்ப் பலகையைப் படிக்கத் தெரியாவிட்டாலும் நிறத்தை வைத்துக் கட்டணமில்லாப் பேருந்து எது என்று கண்டுகொள்கிறார்.

இது ஒரு தெருவின் கதை. சாலையோரக் கிராமமான எங்களுக்கே இவ்வளவு சிரமம் என்றால் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் பெட்டமுகிளாளத்திலும் அஞ்செட்டியைச் சுற்றிய காட்டு ஊர்களிலும் இருப்பவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பேருதவி. ஆனால் பேருந்து வரும் இடம் வரைக்கும் யார் கையைப் பிடித்துக் கூட்டி வருவது? நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் குடித்ததால் முட்டியும் முதுகும் இறுகிப்போன முதியவர்கள் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இன்று வந்துவிட்டது. அன்று இறுகிய எலும்பு இளகப் போவதில்லை. குனிய முடியாத, படியேற முடியாத ஒருவருக்குக் கண்ணும் தெரியாவிட்டால் அவர் தனியாக மருத்துவமனைக்குப் போவது நடவாத காரியம்.

சரி, இப்போது இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். ‘புரை நன்றாகப் பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும்’ என்று முன்பு சொல்லப்பட்டது இன்னும் கிராமங்களில் நிலைத்திருக்கிறது. இன்றைய சிகிச்சை முறைக்கு அது பொருந்தாது. புரை மிதமிஞ்சி முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, தாங்க முடியாத வலியும் சிவப்பும் வந்து, கண் நரம்பு பாதிக்கப்படக்கூடும். நரம்பு கெட்டுவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் இழந்த பார்வை திரும்பாது. அதுவரைக்கும் இலவசமாகச் சரிசெய்யக் கூடியதாக இருந்த ஒரு குறை, ஒரு பருவ கால அலட்சியத்தில் நிரந்தரமாகிவிடுகிறது. கண் தெரியாமல் விழுவதும் இதில் சேரும். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 70 வயதைக் கடந்த பெண்களிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், முதல் கண்ணுக்கு விரைவாக அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்கள் கீழே விழுவது, காத்திருக்க வைக்கப்பட்டவர்களைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது. கட்டிலோடு கிடக்கும் இடுப்பெலும்பு முறிவுக்காரர் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் தெரியும்.

பயமும் ஒரு காரணம்தான். 2008-இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் முகாம் வழியாக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலர் கிருமித் தொற்றால் பார்வை இழந்த செய்தியை முதியவர்கள் மறக்கவில்லை. அந்த அச்சத்தைக் கேலி செய்து பயனில்லை. இன்று முகாமில் நடப்பது பரிசோதனை மட்டும் என்பதையும், அறுவை சிகிச்சை மருத்துவமனையின் அறுவை அரங்கில்தான் நடக்கிறது என்பதையும், அதற்கு முன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண்ணீர்க் குழாய் அடைப்பு, வைக்க வேண்டிய லென்ஸின் அளவு எல்லாம் பார்க்கப்படுகின்றன என்பதையும், ஏற்கெனவே செய்துகொண்ட அதே ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் நம்புவார்கள். நோட்டீஸ் சொல்லி நம்ப மாட்டார்கள்.

கடன் வாங்கி அவதிப்படுகிறவர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். இலவசமாக வைக்கும் லென்ஸ் தரமற்றது, ‘லேசர் ஆபரேஷன்’தான் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, தாயின் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள். மக்கள் லேசர் என்று சொல்வது பெரும்பாலும் மீயொலி (காதுக்குக் கேட்காத ஒலி) அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறை. 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் கண்டது. மிகச் சிறிய துளை வழியாக மடிக்கக்கூடிய லென்ஸை வைக்கலாம், சீக்கிரம் ஆறும் என்பவை அதன் நன்மைகள். இலவசப் பிரிவுகளில் பெரும்பாலும் செய்யப்படுவது, சற்றுப் பெரிய கீறல் வழியாகத் தையல் இல்லாமல் புரையை வெளியே எடுத்து லென்ஸ் வைக்கும் முறை. நம் கிராமத்து முதியவர்களுக்கு இருப்பது போல வெளுத்து முற்றிய புரைக்கு இந்த இரண்டாவது முறையும் நல்ல பார்வையைத் தருகிறது என்று இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சொல்கின்றன. வசதி இருப்பவர்கள் தங்கள் விருப்பப்படி செய்துகொள்ளட்டும். அதில் தவறு ஒன்றும் இல்லை. வசதி இல்லாதவர் கடன்பட்டுத்தான் கண் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஆகவே, குறிப்பிட்ட முதியவர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு ஆயிரம் வேண்டும் என்று வேண்டுகோள் வந்தால், கொடுப்பவர் முதலில் அந்த முதியவருக்கு அரசு மருத்துவமனையில் அல்லது அறக்கட்டளை மருத்துவமனையின் இலவசப் பிரிவில் அது நடக்க முடியாத மருத்துவக் காரணம் ஏதேனும் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் பணத்தை மருத்துவமனையின் பெயரிலேயே செலுத்தி ரசீது பெறலாம். இல்லை என்றால் அதே பணத்தில் பல முதியவர்களுக்குத் துணையாளும் வழிச்செலவும் கண்ணாடியும் ஏற்பாடு செய்யலாம்.

என்னுடைய வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு ஊராட்சியிலும் சுய உதவிக் குழு ஒன்றிடம் கண் சிகிச்சைக்கென்று ஒரு சிறு நிதி இருக்கட்டும். அதை ஊர்ப் பெரியவர் ஒருவரின் சட்டைப் பையில் வைக்க வேண்டாம். குழுவின் வங்கிக் கணக்கில் தனியாக எழுதி வைக்கட்டும். துணைக்குப் போகிறவரின் கூலி, இருவரின் வழிச்செலவும் சாப்பாடும், ஒரு மாதத்துக்குப் பிறகு போகும் மறுபயணம், கண்ணாடி ஆகியவற்றுக்கு மட்டும் அதிலிருந்து கொடுக்கட்டும். மகனோ மகளோ விடுப்பு எடுத்து வர முடிந்தால் அந்தக் கூலியை அவருக்கே கொடுப்பதில் தயங்க வேண்டாம். தாய்க்குச் செய்ய மகனுக்குக் கூலியா என்று கேட்பவர்கள் உண்டு. அன்றாடங்காய்ச்சிக்கு இரண்டு நாள் கூலி போனால் அந்த வாரம் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம் என்பதைக் கேட்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பண உதவி பெற்ற முதியவரைக் கறுப்புக் கண்ணாடியோடு நிற்க வைத்துப் படம் எடுத்துப் பதாகை போடும் வழக்கத்தை மட்டும் அருள்கூர்ந்து விட்டுவிட வேண்டும். அந்தப் படத்துக்கு அஞ்சியே வர மறுத்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்; ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொன்னவர் அவர்.

கண்ணாடியைப் பற்றி ஒரு சொல். லென்ஸ் வைத்த பிறகும் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கப் பெரும்பாலோருக்குக் கண்ணாடி தேவைப்படும். புண் ஆறிய பிறகு, சுமார் ஒரு மாதம் கழித்து அளவு பார்ப்பார்கள். அந்தப் பயணத்தைத்தான் நம் ஆட்கள் அதிகம் தவற விடுகிறார்கள். ‘வெளிச்சம் வந்துவிட்டது, போதும்’ என்று நின்றுவிடுகிறார்கள். பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, மாத்திரை அட்டையைப் பார்க்க முடியவில்லை என்று ஆபரேஷனையே குறை சொல்கிறார்கள். அதைக் கேட்டு அடுத்தவர் போக மறுக்கிறார். இரண்டாவது கண்ணும் அப்படியே விடப்படுகிறது.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு விண்ணப்பம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி ஒன்றியத்தின் சாமனப்பள்ளியில்தான். அதன் தன்னார்வலர்களான பெண்கள் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு வரும் அந்தப் பெண்களே, மூன்று மீட்டர் தூரத்தில் நின்று ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடச் சொல்லி விரல்களை எண்ண வைத்துப் பார்க்கலாம். எண்ண முடியாதவரின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் மருத்துவ உதவியாளரிடம் கொடுக்கலாம். அதற்குப் பெரிய பயிற்சியோ கருவியோ வேண்டியதில்லை. எங்கள் பாட்டியைப் போலச் சர்க்கரை காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பொறுத்தவரை அவர்கள்தான் மிகவும் பொருத்தமானவர்கள்: மாத்திரை கொடுப்பவர்களும் அவர்களே, சர்க்கரை குறைந்துவிட்டதா என்று பார்ப்பவர்களும் அவர்களே. முகாமில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியல் முகாம் நடத்திய மருத்துவமனையிலிருந்து அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து தன்னார்வலரின் கையேட்டுக்குப் போக வேண்டும். மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியரே என்பதால், இது நடக்க அவருடைய ஓர் ஆணை போதும் என்று நம்புகிறேன். எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்று எழுதும் முகாம் அறிக்கைகள், திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் பிறகு சிகிச்சை பெற்றார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

ஓசூர்ப் பகுதியில் பெரிய தொழிற்சாலைகள் பல இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மருத்துவமும் அதில் அடங்கும். கருவிகளும் கட்டடங்களும் வாங்கிக் கொடுப்பதோடு, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, சித்தேரி மலைகளிலிருந்து மருத்துவமனைக்குப் போய்வர மாதம் சில நாட்களுக்கு ஒரு வண்டியும், துணையாட்களின் கூலிக்கு ஒரு தொகையும் அந்நிறுவனங்கள் ஒதுக்கினால் மலைக் கிராமங்களின் முகமே மாறும். அரிமா (லயன்ஸ்) சங்கத்தினர் 1925-இல், கண்ணும் காதும் இழந்தும் சாதித்த ஹெலன் கெல்லர் விடுத்த அழைப்பை ஏற்றுப் பார்வைக்கான பணியைத் தங்கள் கடமையாகக் கொண்டவர்கள். நம் ஊர்களில் நடக்கும் கண் முகாம்கள் பலவற்றுக்கு அவர்களும் சுழற்சங்கத்தினரும் (ரோட்டரி) தோள் கொடுக்கிறார்கள். முகாம் நடந்த நாளோடு பணி முடிந்ததாகக் கொள்ளாமல், அந்த முகாமில் பெயர் எழுதப்பட்டவர்கள் கண்ணாடி அணியும் நாள் வரை உடன் இருக்கும்படி அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழிடமும் ஓர் உதவி கேட்கிறேன், ஆசிரியர் ஐயா. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டச் செய்திப் பக்கத்தில், அடுத்த வாரம் எந்த ஊரில், எந்தப் பள்ளியில், எந்த நேரத்துக்குக் கண் முகாம் நடக்கிறது என்பதையும், என்னென்ன எடுத்து வர வேண்டும் என்பதையும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கட்டத்துக்குள் வெளியிட்டால் பெரிதும் பயன்படும். முகாமுக்குப் போக வேண்டிய பாட்டிகளும் தாத்தாக்களும் நாளிதழ் படிக்க மாட்டார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகள் ஊர்ச் செய்தியைத் தேடிப் படிக்கிறார்கள். தேதி ஒரு வாரம் முன்கூட்டியே தெரிந்தால் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வரவோ, வர முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனில் பேசித் துணைக்கு ஏற்பாடு செய்யவோ அவர்களால் முடியும். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, சர்க்கரை மாத்திரைச் சீட்டு ஆகியவற்றை எடுத்துப் போக வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தால், சீட்டு இல்லை என்று திரும்பி வருகிறவர்களின் எண்ணிக்கையும் குறையும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.